போலிஷ் உணவகத்தில் இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்திருக்கும் தமிழர்களும், வரத் தயாராகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் எல்லாம் சாப்பாட்டு மேசையைச் சுற்றியவை. பதில்கள் எல்லாம் இலக்கணம்.

இலக்கணத்தைப் படிக்க உணவகம் எதற்கு? பாடப்புத்தகம் போதாதா?

புத்தகம் வேண்டும்தான். ஆனால் அதில் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய அட்டவணை வந்து நிற்கும். ஏழு வேற்றுமை, ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என மூன்று பால், ஒருமை, பன்மை. ஒரே பெயர்ச்சொல்லுக்குப் பதினான்கு கட்டங்கள். பலர் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உணவகத்தில் அதே ஏழு வேற்றுமையும் அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக வந்துவிடும், சின்னச் சின்ன வாக்கியங்களில். நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பது எதிரில் நிற்பவருக்கு முன்பே பாதி தெரியும் என்பதால் தவறினாலும் சாப்பாடு வந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வேற்றுமை என்பது நமக்குப் புதிதே இல்லை. பள்ளியில் எட்டு வேற்றுமை படித்தவர்கள் நாம். 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒப்பித்தவர்களுக்கு, சொல்லின் கடைசியில்தான் அர்த்தம் உட்கார்ந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த வசதியை நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. போலிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கப் போய், இல்லாத கஷ்டத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். நேரே தமிழிலிருந்து போலிஷுக்குப் போங்கள்.

இங்கே தமிழ் எழுத்தில் இருக்கும் போலிஷ் சொற்களை எப்படிப் படிப்பது?

தோராயமாகத்தான். சில ஒலிகளுக்குத் தமிழில் எழுத்து கிடையாது. மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்: 'பொப்ரோஷெ' என்பதில் 'ரோ'. இரண்டாவது, போலிஷில் 'ஏ' (e) எழுத்துக்கும் 'ஆ' (a) எழுத்துக்கும் அடியில் சில இடங்களில் ஒரு சின்ன வால் தொங்கும். சொல்லின் கடைசியில் வாலுள்ள 'ஏ' சாதாரணப் பேச்சில் வெறும் 'எ' போலவே கேட்கும். வாலுள்ள 'ஆ' மூக்கொலியோடு 'ஒன்' என்று முடியும். மூன்றாவது, சொல்லின் கடைசியில் வரும் 'வ்' உரம் இழந்து 'ஃப்' ஆகிவிடும். இவை மூன்றும் பிடிபட்டால் கீழே இருப்பதில் பெரும்பாலானதைப் படித்துவிடலாம்.

பலகையில் 'ஜூபா' என்று இருக்கிறது. வாங்குகிறவர்கள் 'ஜூபெ' என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஜூபா என்றால் சூப். மெனுவில் எப்போதும் முதல் வேற்றுமைதான் எழுதியிருக்கும். 'பொப்ரோஷெ' (கொடுங்கள் என்று பணிவாகக் கேட்கும் சொல்) என்று தொடங்கியதும், கேட்கப்படும் பொருள் இரண்டாம் வேற்றுமைக்குப் போகிறது. நம் 'ஐ' உருபு செய்யும் வேலைதான்.

'ஆ'வில் முடியும் பெண்பால் சொற்கள் 'எ'க்கு மாறும். காவா (காபி) காவெ ஆகும். ஹெர்பாத்தா (தேநீர்) ஹெர்பாத்தெ. வோதா (தண்ணீர்) வோதெ. ஆகவே 'பொப்ரோஷெ காவெ', 'பொப்ரோஷெ ஹெர்பாத்தெ'.

உயிரற்ற ஆண்பால் சொல்லும் ஒன்றன்பால் சொல்லும் மாறாது. 'பொப்ரோஷெ ஸோக்' (பழச்சாறு), 'பொப்ரோஷெ பீவோ' (பீர்), 'பொப்ரோஷெ ராஹூனெக்' (பில்). மனிதரைக் குறிக்காத பன்மையும் அப்படியே நிற்கும். 'பொப்ரோஷெ பியெரோகி ருஸ்கியெ' என்று சொல்லிப் பாருங்கள். பலகையில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வருகிறது. ஆக, மெனுவில் நிறையப் பெயர்களை மாற்றவே வேண்டாம். பெண்பால் ஒருமையை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டால் தினசரி ஆர்டர் முடிந்தது.

பியெரோகி என்பது உள்ளே பூரணம் வைத்து அவித்த மாவுப் பண்டம். ருஸ்கியெ வகையில் உருளைக்கிழங்கும் வெண்பாலாடைக்கட்டியும் இருக்கும். பெயரைப் பார்த்து ரஷ்ய உணவு என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய மேற்கு உக்ரைனையும் போலந்தின் தென்கிழக்கையும் சேர்ந்த ருத்தேனியா என்ற பழைய நிலப்பகுதியைக் குறிக்கும் பெயர் அது. 2022இல் போர் தொடங்கிய பிறகு பல கடைகள் பலகையில் 'உக்ரைன் பியெரோகி' என்று மாற்றி எழுதின.

பெயரடையும் மாறுமா?

மாறும். தமிழ்க்காரர்கள் உண்மையிலேயே பழக வேண்டிய இடம் இதுதான். நாம் 'சூடான பாலை' என்போம், 'சூடானதைப் பாலை' என்று சொல்ல மாட்டோம். நம் பெயரடை அசையாது. போலிஷில் பெயரடை பெயரோடு கூடவே நடக்கும். தக்காளி சூப் பலகையில் 'ஜூபா போமிதொரோவா'. கேட்கும்போது 'ஜூபெ போமிதொரோவொன்'. பெயர் 'எ'யில் முடிய, பெயரடை 'ஒன்' என்று முடிகிறது. இரண்டும் ஒரே வேற்றுமைதான், விகுதிதான் வேறு.

பழகியவர்கள் 'ஜூபெ'யை விட்டுவிட்டு 'பொப்ரோஷெ போமிதொரோவொன்' என்று மட்டும் சொல்வார்கள். வெள்ளரி ஊறுகாய் சூப்பும் அப்படித்தான்: ஒகுர்கோவா என்று எழுதியிருப்பதை ஒகுர்கோவொன் என்று கேட்க வேண்டும். சூப் வகைகள் நிறைய இருக்கும் ஊர் இது. தினம் ஒரு சூப் வாங்கினாலே இந்த விகுதி நாக்கில் ஏறிவிடும்.

ஒரு சொல் என்ன பால் என்று எப்படித் தெரியும்?

கடைசி எழுத்தைப் பாருங்கள். மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால், 'ஓ'விலோ 'எ'யிலோ முடிந்தால் ஒன்றன்பால். விதிவிலக்கு உண்டு. மேசை மேலேயே ஒன்று இருக்கும். உப்புக்கு 'ஸுல்' என்று பெயர், மெய்யில் முடிந்தாலும் அது பெண்பால். லாத்தே, கப்புச்சினோ, சுஷி போல வெளியிலிருந்து வந்த சில சொற்கள் எந்த வேற்றுமைக்கும் அசையாது. மெனு என்ற சொல்லும் அப்படித்தான்.

ஆண்பால் மாறாது என்றால், ஏன் எல்லோரும் 'ஸ்ஹபொவேகோ' கேட்கிறார்கள்?

நல்ல கேள்வி. முதலில் விதியைப் பார்ப்போம். ஆண்பாலில் உயிருள்ளவை இரண்டாம் வேற்றுமையில் மாறும், உயிரற்றவை மாறா. 'வீட்ஸெ ஸ்தோலிக்' என்றால் மேசையைப் பார்க்கிறேன், சொல் மாறவில்லை. 'வீட்ஸெ கெல்னேரா' என்றால் பரிமாறுகிறவரைப் பார்க்கிறேன். அவர் பெயர் கெல்னெர், மாறிவிட்டார்.

இது தமிழ்க் காதுக்கு உடனே பிடிபட வேண்டும். 'தோசை சாப்பிட்டேன்' என்று 'ஐ' இல்லாமல் சொல்லலாம். 'அண்ணன் பார்த்தேன்' என்றால் அண்ணனைப் பார்த்ததாக ஆகாது, 'அண்ணனை' என்று சொல்லியே ஆக வேண்டும். நமக்கு அந்தக் கோடு உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவே விழுகிறது. போலிஷ் ஒருமையில் விலங்குகளும் உயிருள்ள பக்கத்தில் சேர்ந்துவிடும். எல்லைதான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

இப்போது ஸ்ஹபோவி. ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த பன்றிக்கறித் துண்டு, முழுப் பெயர் 'கோத்லெத் ஸ்ஹபோவி'. முழுப் பெயரைச் சொன்னால் விதிப்படி மாறாது. 'கோத்லெத்'தை விட்டுவிட்டுச் செல்லமாகக் கூப்பிடும்போது அது உயிருள்ளது போல 'ஸ்ஹபொவேகோ' ஆகிறது. பேச்சுவழக்கில் உணவுப் பெயர்கள் பல இப்படித்தான்: ஹம்புர்கேரா, கெபாபா, பொரித்த இனிப்பு உருண்டைக்குப் போன்ச்கா. தவக்காலத்துக்கு முந்தைய கடைசி வியாழக்கிழமை, 'கொழுத்த வியாழன்' அன்று, பேக்கரி வாசலில் வரிசையில் நின்றால் இந்த விகுதியை வேண்டிய மட்டும் கேட்கலாம்.

'நியெ மா ஜூபி' என்றார்கள். என் 'ஜூபா'வுக்கு என்ன ஆயிற்று?

சூப் தீர்ந்துவிட்டது. 'நியெ மா' என்றால் இல்லை. இல்லாத பொருள் போலிஷில் தோபெவ்னியாச் என்ற வேற்றுமைக்குப் போகும். அது நம் ஆறாம் வேற்றுமைக்குப் பக்கத்தில் இருப்பது, ஆனால் அதைவிட மிகப் பெரிய குடும்பம். உணவகத்தில் நீங்கள் அதிகம் கேட்கப்போவதும் இதைத்தான்.

இல்லை என்றால் இது. 'நியெ மா பியெரோகுஃப்', பியெரோகி இல்லை.

எதிர்மறை வினை என்றாலும் இது. கறி சாப்பிடுகிறேன் என்பது 'யெம் மியென்ஸோ', சாப்பிடுவதில்லை என்பது 'நியெ யெம் மியென்ஸா'. எதிர்மறை வந்த உடனே இரண்டாம் வேற்றுமை விலகி இது உட்கார்ந்துகொள்கிறது. 'சில்லறை வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்' என்பதற்கான 'ரேஷ்தி நியெ த்ஷேபா'வும் அதே விதி. ரேஷ்தா என்பது மீதிப் பணம், எதிர்மறையில் ரேஷ்தி.

அளவு சொன்னாலும் இது. ஷ்க்லான்கா வோதி (ஒரு கிளாஸ் தண்ணீர்), ஃபிலிஜான்கா காவி (ஒரு கோப்பை காபி), கவாவெக் ஸெர்னிக்கா (ஒரு துண்டு பாலாடைக் கேக்), போர்ட்ஸ்யா பியெரோகுஃப் (ஒரு தட்டு பியெரோகி).

'பெஸ்' வந்தாலும் இதுதான். அதற்கு 'இல்லாமல்' என்று அர்த்தம். சர்க்கரைக்கு ட்ஸுக்யெர், சர்க்கரை இல்லாமல் என்றால் 'பெஸ் ட்ஸுக்ரு'. பால் இல்லாமல் 'பெஸ் ம்லேக்கா'.

சாப்பிடத் தொடங்கும்போது எல்லோரும் சொல்லும் 'ஸ்மச்னேகோ'வும் இந்த வேற்றுமையில் நிற்கும் சொல்தான். 'நன்றாகச் சாப்பிட வாழ்த்துகிறேன்' என்பதில் வாழ்த்துகிறேன் என்ற வினையை விழுங்கிவிட்டார்கள், அந்த வினை கேட்ட விகுதி மட்டும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. 'ச்சேகோ ஷியெ பானி நபீயெ?' (அம்மா என்ன குடிக்கிறீர்கள்?) என்று கேட்பார்கள். கேள்வியில் வரும் 'ச்சேகோ' தோபெவ்னியாச்சில் இருக்கிறது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 'பொப்ரோஷெ ஹெர்பாத்தெ' என்ற உங்கள் வாக்கியம் உங்கள் விதிப்படியே போகலாம்.

பாலோடு காபி, கோழியில் செய்த கட்லெட். இரண்டுக்கும் ஒரே 'ஸ்' வருகிறதே?

ஒரே முன்னிடைச் சொல்தான். அடுத்த சொல்லின் கடைசியைப் பார்த்தால் பிரிந்துவிடும்.

'காவா ஸ் ம்லெக்யெம்' என்றால் பாலோடு காபி. 'ஹெர்பாத்தா ஸ் ட்ஸித்ரினொன்' எலுமிச்சையோடு தேநீர். 'பியெரோகி ஸ் மியென்ஸெம்' கறி வைத்த பியெரோகி. இங்கே வருவது நார்ஜெந்நிக், நம் மூன்றாம் வேற்றுமை.

'கோத்லெத் ஸ் குர்ச்சாக்கா' என்றால் கோழிக்கறியில் செய்தது. இங்கே வருவது மறுபடி தோபெவ்னியாச். எதிலிருந்து, எதனால் ஆனது என்ற அர்த்தம். 'ஸவாத்கா ஸ் குர்ச்சாக்யெம்' என்று மாற்றிச் சொன்னால் காய்கறி சாலட்டில் கோழித் துண்டுகளும் கிடக்கின்றன என்று பொருள். ஆகவே சைவம் சாப்பிடுகிறவர்கள் 'குர்ச்சாக்யெம்', 'குர்ச்சாக்கா' இரண்டையும் பார்த்ததும் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும்.

'கார்த்தெ' கேட்டால் மெனு வருகிறது. பணம் கட்டும்போது 'கார்த்தொன்' என்கிறார்கள். வேறு வேறு சொற்களா?

ஒரே சொல், கார்த்தா. அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், மெனு அட்டையும் வங்கி அட்டையும் அதுதான். 'பொப்ரோஷெ கார்த்தெ' இரண்டாம் வேற்றுமை: மெனு அட்டையைக் கொடுங்கள். 'ப்வாட்ஸெ கார்த்தொன்' மூன்றாம் வேற்றுமை: அட்டையால் கட்டுகிறேன். எழுத்தில் பார்த்தால், வாலுள்ள 'ஏ'க்குப் பதில் வாலுள்ள 'ஆ'. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் மூன்றாம் வேற்றுமைக்கு 'ஆல்' என்றும் 'ஓடு' என்றும் உருபுகள் உண்டு. கருவிப் பொருள் ஒன்று, உடனிகழ்ச்சிப் பொருள் ஒன்று. போலிஷ் நார்ஜெந்நிக்கும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. கருவியானால் முன்னிடைச் சொல் இல்லாமல்: கார்த்தொன் (அட்டையால்), கொத்தூஃப்கொன் (ரொக்கத்தால்). உடனிகழ்ச்சியானால் 'ஸ்' சேர்த்து: ஸ் ம்லெக்யெம் (பாலோடு). பள்ளியில் 'வாளால் வெட்டினான், தாயொடு வந்தான்' என்று இரண்டையும் ஒரே தலைப்பில் படித்தபோது ஏன் இப்படிச் சேர்த்தார்கள் என்று யோசித்திருப்பீர்கள். உறவே இல்லாத இந்த மொழியும் அதே இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

காசாளர் 'கார்த்தொன் ச்சி கொத்தூஃப்கொன்?' என்று கேட்பார். 'ச்சி' என்பது அல்லது. பதிலுக்கு அதில் ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும், விகுதியை அவரே தயார் செய்து கொடுத்துவிட்டார்.

எண்கள் ஏன் இப்படிப் படுத்துகின்றன?

ஒன்று என்றால் ஒருமை. இரண்டு, மூன்று, நான்கு என்றால் பன்மையின் முதல் வேற்றுமை. ஐந்திலிருந்து தோபெவ்னியாச் பன்மை. காபியில் பார்த்தால்: யெத்னா காவா, த்வியெ காவி, த்ஷி காவி, ச்தேரி காவி, பியெஞ்ச் காஃப். ஐந்தில் வால் முழுதும் அறுந்துவிடுகிறது. பீரில்: த்வா பீவா, பியெஞ்ச் பீஃப். பழச்சாற்றில்: த்வா ஸோக்கி, பியெஞ்ச் ஸோக்குஃப்.

12, 13, 14 மூன்றும் ஐந்தின் கூட்டத்தில் சேரும். 22, 23, 24 மறுபடி இரண்டின் கூட்டம். இதைப் பணத்தில் கேட்டுப் பழகுவது எளிது. போலந்து இன்னும் யூரோவுக்கு மாறவில்லை, நாணயம் ஸ்வோத்தி, நூறு க்ரோஷ் ஒரு ஸ்வோத்தி. 22 என்றால் 'ஸ்வோத்தெ' என்பார்கள். 25 என்றால் 'ஸ்வோத்திஹ்'. 12க்கும் 'ஸ்வோத்திஹ்'. 21க்கும் 'ஸ்வோத்திஹ்'. ஒரு ஸ்வோத்திக்கு மட்டும் ஒருமை. விலை சொல்லும்போது எண் காதில் விழாவிட்டாலும் கடைசி எழுத்து துப்புக் கொடுக்கும்.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு நேர்மையான குறுக்குவழி உண்டு, போலந்துக்காரர்களே அதில்தான் போகிறார்கள். 'ராஸி' என்றால் முறை, தடவை. 'த்வா ராஸி போமிதொரோவொன்', 'பியெஞ்ச் ராஸி போமிதொரோவொன்'. ராஸி என்பது இரண்டுக்கும் ஐந்துக்கும் ஒரே உருவத்தில் இருக்கிறது, உணவின் பெயரும் ஒருமையிலேயே நிற்கிறது. நான்கைந்து நண்பர்களோடு போகும்போது கைகொடுக்கும்.

பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிடுவது? 'நீங்கள்' என்பதற்கு என்ன சொல்?

நாம் மரியாதைக்குப் பன்மைக்குப் போகிறோம். போலிஷில் படர்க்கைக்குப் போகிறார்கள். ஆணுக்கு பான், பெண்ணுக்கு பானி, ஆணும் பெண்ணுமாகப் பலர் என்றால் பாஞ்ஸ்த்வோ. வினை படர்க்கையில் வரும். 'ட்ஸோ பான் பொலேட்ஸா?' என்றால் 'நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?'. சொல்லமைப்பு 'ஐயா எதைப் பரிந்துரைக்கிறார்?' என்று இருக்கும். முகம் தெரியாத பெரியவரிடம் நேரடியாக 'நீ' போட்டால் முகம் சுருங்கும், நம் ஊரில் சுருங்குகிற அதே அளவுக்கு.

கூப்பிட 'ப்ஷெப்ராஷாம்' (மன்னிக்கவும்) போதும். விளி வேற்றுமை இருக்கிறது, வோவாச் என்று பெயர், ஆனால் 'பானியெ கெல்னேஷெ' என்று அதைப் பயன்படுத்திக் கூப்பிடுவது இன்று கொஞ்சம் பழைய வாடை அடிக்கும்.

இன்னொன்று. 'எனக்கு வேண்டும்' என்று பணிவாகச் சொல்ல ஆண் 'ஹ்ச்சாவ்பிம்' என்பார், பெண் 'ஹ்ச்சவாபிம்' என்பார். தன்மையிலேயே பால் தெரியும். தமிழில் 'வந்தேன்' என்றால் பால் தெரியாது, 'வந்தான்', 'வந்தாள்' என்னும்போதுதான் தெரியும். எனவே பெண்கள் ஆண்களிடம் கேட்டு மனப்பாடம் செய்த வாக்கியத்தை அப்படியே சொல்லிவிடக் கூடாது.

ப்ரோஷெ, பொப்ரோஷெ இரண்டும் ஒன்றா?

நெருங்கியவை. 'ப்ரோஷெ' பல வேலை செய்யும்: தயவுசெய்து, இந்தாருங்கள், பரவாயில்லை, என்ன சொன்னீர்கள். ஆர்டர் கொடுக்க 'பொப்ரோஷெ' பொருத்தம். முன்னால் ஒட்டிய 'பொ' அந்த வினையை ஒரே மூச்சில் முடிகிற செயலாக்குகிறது.

போலிஷ் வினைகள் பெரும்பாலும் இப்படி இரட்டையாகவே வரும், ஒன்று நடப்பதைச் சொல்ல, மற்றது முடிந்ததைச் சொல்ல. நமக்கு இதற்கும் ஒரு கைப்பிடி உண்டு: 'விடு' என்ற துணைவினை. 'யாத்வெம்' என்றால் சாப்பிட்டேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'ஸ்யாத்வெம்' என்றால் சாப்பிட்டுவிட்டேன், தட்டை எடுத்துப் போகலாம். (பெண் சொன்னால் யாத்வாம், ஸ்யாத்வாம்.) எல்லா இடத்திலும் இந்த ஒப்பீடு பொருந்தாது. தொடங்கப் போதுமானது.

நான் சைவம். எதைச் சொல்லிக் கேட்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே விகுதியைவிட உள்ளே இருப்பது முக்கியம்.

முதலில் வாக்கியம். ஆண் 'யெஸ்தெம் வெகெதரியானினெம்' என்பார், பெண் 'யெஸ்தெம் வெகெதரியான்கொன்' என்பார். 'நான் இன்னார்' என்று சொல்லும்போது அந்தப் பெயர்ச்சொல் போலிஷில் மூன்றாம் வேற்றுமைக்குப் போகும். நம் இலக்கணத்தில் இதற்கு இணை இல்லை, அப்படியே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அல்லது 'நியெ யெம் மியென்ஸா' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மீனும் வேண்டாம் என்றால் 'ஆனி ரிப்' என்று சேர்க்கவும். மீனையும் சைவப் பக்கத்தில் எழுதும் கடைகள் உண்டு.

அப்புறம் பொருள். பிகோஸ் என்ற முட்டைக்கோஸ் குழம்பில் கறி இருக்கும். ஜூரெக் என்ற புளித்த மாவு சூப்பில் பெரும்பாலும் தொத்திறைச்சியும் முட்டையும் இருக்கும். தக்காளி சூப் பார்க்கச் சைவம் போலத் தெரிந்தாலும் அடியில் கறிச்சாறு இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கோழி ரசத்தின் மிச்சத்தில் திங்கட்கிழமை தக்காளி சூப் வைப்பது வீடுகளில் வழக்கம். எனவே 'ச்சி தா ஜூபா யெஸ்த் நா மியென்ஷெ?' (இந்த சூப் கறிச்சாற்றில் வைத்ததா?) என்று கேளுங்கள். மியென்ஸோ இங்கே ஏழாம் வேற்றுமையில் மியென்ஷெ ஆகிவிட்டது.

பியெரோகி ருஸ்கியெயின் பூரணம் சைவம்தான். மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவிவிடுவார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வறுத்த வெங்காயம் போதும் என்றால் 'ஸ் ட்ஸெபுல்கொன்'. நம்பி வாங்கக்கூடியவை: நலெஷ்னிகி ஸ் ஸெரெம் (பாலாடைக்கட்டி வைத்த மெல்லிய தோசை போன்றது), பியெரோகி ஸ் கபுஸ்தொன் இ க்ஷிபாமி (முட்டைக்கோசும் காளானும்), பிளாட்ஸ்கி ஜெம்னியசானெ (உருளைக்கிழங்கு அடை, கறிக்குழம்பு ஊற்றாமல், முட்டை சேர்ந்திருக்கும்). பழைய உணவகங்களில் சைவ உணவுக்கு 'தானியா யார்ஸ்கியெ' என்று தனித் தலைப்பு இருக்கும்.

'ஸ்மக்கொவாவோ பானு?' என்று கேட்டார். யாருக்கு எதைக் கொடுப்பது பற்றிய கேள்வி?

கொடுப்பது இல்லை. 'நன்றாக இருந்ததா?' என்று கேட்கிறார். பான் என்பது நான்காம் வேற்றுமையில் பானு ஆகியிருக்கிறது, பெண்ணிடம் கேட்டால் 'பானி' என்றே நிற்கும். 'எனக்கு ருசிக்கிறது' என்று நாம் சொல்வது போலவே 'ஸ்மக்கூயெ மி'. 'எனக்குப் பிடிக்கும், எனக்குக் குளிருகிறது' என்று அனுபவிக்கிறவரை 'கு' போட்டுச் சொல்லும் நமக்கு இது சொந்த வீட்டு வாக்கியம். குளிருக்கும் 'ஜிம்னோ மி' என்கிறார்கள். பதிலாக 'பார்த்ஸோ' (மிகவும்) என்று சொல்லிப் புன்னகைத்தால் போதும்.

'நா மியெய்ஸ்ட்ஸூ ச்சி நா வினோஸ்?'

இங்கேயே சாப்பிடவா, பார்சலா? முதலாவதில் இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமை, இரண்டாவதில் இரண்டாம் வேற்றுமை. 'நா' ஒன்றுதான், ஓரிடத்தில் இருப்பதா, வேறெங்கோ போவதா என்பதைப் பொறுத்து வேற்றுமை மாறுகிறது. ஜன்னல் ஓர மேசைக்கு 'ஸ்தோலிக் ப்ஷி ஓக்நியெ'. ஜன்னல் ஓக்னோ, ஏழாம் வேற்றுமையில் ஓக்நியெ.

பழகுவதற்கு எந்த மாதிரி இடத்துக்குப் போகலாம்?

பார் ம்லெச்னி, அதாவது பால் உணவகம் என்று அழைக்கப்படும் எளிய சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். முதல் கடை 1896இல் வார்சாவில் திறக்கப்பட்டது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் நாடெங்கும் பரவின. இன்றும் சிலவற்றுக்கு அரசு மானியம் கிடைக்கிறது. மாணவர்களும் முதியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடம்.

சுவரில் பெரிய பலகையில் உணவுப் பெயர்கள், எல்லாம் முதல் வேற்றுமையில். வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒவ்வொன்றையும் மனதுக்குள் இரண்டாம் வேற்றுமைக்கு மாற்றிப் பாருங்கள். முன்னால் நிற்பவர் சொல்வதைக் கேட்டுச் சரிபாருங்கள். காசாளரிடம் சொல்லிப் பணம் கட்டிவிட்டு, சீட்டை சமையலறை ஜன்னலில் நீட்ட வேண்டும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் வைக்க வேண்டும்.

விகுதி தவறினால் புரியாமல் போகுமா?

'பொப்ரோஷெ காவா' என்றாலும் காபி வரும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், வெளிநாட்டவர் முயல்வதைப் பார்த்தால் பலர் மகிழ்ந்துபோய் இரண்டு வாக்கியம் கூடவே பேசுவார்கள். கவனம் வேண்டிய இடம் இலக்கணத்தில் இல்லை, 'ஜென்குயெ' என்ற நன்றியில் இருக்கிறது. இன்னும் வேண்டுமா என்று கேட்கும்போது 'ஜென்குயெ' என்றால் வேண்டாம் என்று பொருள். ரொக்கத்தை நீட்டிக்கொண்டே 'ஜென்குயெ' என்றால், மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 22 ஸ்வோத்தெக்கு 50 கொடுக்கிறீர்கள் என்றால், சில்லறை கைக்கு வரும் வரை நன்றியை நிறுத்திவைத்து 'ப்ரோஷெ' என்று மட்டும் சொல்லுங்கள்.